கட்டத்தில் ஒரு கமா

நீடாமங்கலம் கேட் மூடியாகிவிட்டது.
மன்னார்குடி வண்டிக்கு எஞ்சினைக் கழற்றி
மறுமுனையில் மாட்டும்வரை
ஊர் இரண்டு துண்டு.
உரக்கடை மாடியில்
மூன்று லைப்ரரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு
நான் இந்தத் துண்டில்.

வேலை இவ்வளவுதான்:
மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகும்.
ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கிளையாகி,
கடைசியில் யாரோ ஒருவரின் வரப்போரம்
ஒரு முழ அகலத்தில் முடியும்.
அதற்குள் ஏறி இறங்க வேண்டும் என் நிரல்.
பன்னிரண்டாம் தேதி மேட்டூர் திறக்கிறார்கள்.

ஒரு லைப்ரரிக்குப் பெரிய மனசு.
கையில் ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால்
தலைமடை முதல் கடைமடை வரை
ஒன்றுவிடாமல் போய்வருகிறது.
இப்போது எங்கே நிற்கிறாய் என்றால்
அதற்குத் தெரியாது.
தேர்தல் ஜீப் மாதிரி:
எல்லாத் தெருவும் உண்டு, எந்த வாசலும் இல்லை.

லென்ஸ் வேறு ரகம்.
கண்ணாடிக்குள் கண்ணாடி வைத்து
நேராக ஒரே ஷட்டரைக் காட்டும். அழகுதான்,
முகவரி முழுக்கத் தெரிந்தவர்களுக்கு.
பக்கத்து ஷட்டர் எது என்றால்
மறுபடி அணையிலிருந்து தொடங்கு.
அதன் பிழைச்செய்தி ஒன்று திரையில்
இரண்டு பக்கம் ஓடியது,
ஒரு அடைப்புக்குறியை நான் மறந்ததற்கு.

ஜிப்பரைக் கடைசியில்தான் பார்த்தேன்.
விளக்கவுரை பாதியில் நிற்கிறது.
எழுதியவர் நான்கு வருடமாகத் தொடவேயில்லை.
ஆனால் அதற்கு நிற்கத் தெரிந்திருந்தது.
ஒரு மதகில் நின்றால்
விட்டுவந்த ஆறு முழுவதையும்
மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறது.
கீழே, இடம், வலம், மேலே.
மேலே ஏறும்போது
மடிப்பைப் பிரித்துக்கொண்டே போகிறது.
என்ன மரம் என்றும் கேட்பதில்லை.
வம்சமா, வாக்கியமா, வாய்க்காலா,
கிளை இருந்தால் சரி.

இன்னொன்று சொல்ல வேண்டும்.
இந்த மொழியில் எதையும் அழிக்க முடியாது.
ஷட்டரை அரையடி ஏற்றினால்
புது ஆறு ஒன்று பிறக்கும்.
பழைய ஆறு பழைய மட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.
தொடாத கிளைகள் இரண்டுக்கும் பொது.
பங்காளிகளின் கிணறு போல,
சண்டை மட்டும் கிடையாது.

ஜிப்பர்தான் என்று முடிவெடுத்து
டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால்
சோதனை ஓடி முடிந்திருந்தது.
நத்தமேடு வாய்க்கால்: வறட்சி.
தொண்ணூறு வரி தள்ளி,
நத்தமேடு வாய்க்கால்: நிரம்பி வழிகிறது.

எக்செல்லைத் திறந்தேன்.
தாய் வாய்க்கால் என்ற கட்டத்தில்
கமா போட்டு இரண்டு பெயர்:
கோரையாறு, பாமணியாற்று வடிகால்.
ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குப் பாசனம்.
மரம் என்று நினைத்தது மரமில்லை,
கிளை போய்க் கிளையில் ஒட்டியிருக்கிறது.
நான் அதை இரண்டாக எழுதி
ஒன்றில் ஷட்டரை இறக்கியிருக்கிறேன்.
மற்றதற்கு யாரும் சொல்லவில்லை.

நீர்வளத்துறை ஜெசிந்தா மேடத்துக்குப் போன் போட்டேன்.
"மேடம், ஒரு பிழை.
ஒரே வாய்க்கால் காஞ்சும் இருக்கு, வழிஞ்சும் இருக்கு."
பின்னால் ஏதோ டிராக்டர் சத்தம்.
"நத்தமேடா? தமீம்,
போன ஐப்பசியில ஒரே நாள்ல
அங்கேருந்து ரெண்டு மனு.
தண்ணி வரலைன்னு ஒண்ணு,
பயிர் முழுகிடுச்சுன்னு ஒண்ணு.
ரெண்டையும் நான்தான் போய்ப் பார்த்தேன்.
ரெண்டும் நிஜம்."

நத்தமேட்டில் நின்று
மேலே என்றேன் ஜிப்பரிடம்.
வந்த வழியே கோரையாற்றுக்குப் போனது.
வடிகால் வழியாக இறங்கி வந்து
மறுபடி, மேலே.
பாமணிக்குப் போனது.
இரண்டு தடவையும் பொய் சொல்லவில்லை.
எப்படி வந்தாய் என்பது மட்டுமே
அதற்குத் தெரிந்த உறவு.

கேட் திறந்துவிட்டார்கள். ஒரே ஹாரன்.
லைப்ரரியின் பெயரையும் பதிப்பு எண்ணையும்
கோப்பில் சேர்த்தேன்.
கமாவை என்ன செய்வதென்று தெரியவில்லை.
இப்போதைக்கு
இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன்.